மூன்று முதலாளிகளைப் பார்த்த போன்: நோக்கியா 105

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பேசுவதற்கும், நாள்கணக்கில் சார்ஜ் நிற்பதற்கும், கரண்ட் போனால் டார்ச் அடிப்பதற்கும் ஒரு போன் வேண்டும் என்றால் நோக்கியா 105 தாராளமாக வாங்கலாம். வீட்டில் இருப்பது ஜியோ சிம் மட்டும் என்றால் வாங்காதீர்கள். இது 2ஜி போன். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. சிம்மைப் போட்டால் சிக்னலே எடுக்காது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இது போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நான் சுங்குவார்சத்திரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில், ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கிற ஊர். 105-ஐ எடுத்துக் காட்டினால் இங்கே பாதிப் பேர் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது இதுதான்: "நோக்கியாவைத்தான் மூடிட்டாங்களே, அப்புறம் இந்த போன் எங்கேருந்துண்ணே வருது?" கேட்கிறவர்களில் ஸ்ரீபெரும்புதூரில் மூடிய நோக்கியா தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர்களும் உண்டு. அதனால் போகிற போக்கில் பதில் சொல்லிவிட முடியாது.

போனைப் பார்த்துவிட்டு அங்கே வருவோம். நான் சொல்வது 2023 மே மாதம் வந்த மாடல். வந்தபோது விலை 1,299 ரூபாய். 1.8 அங்குலத் திரை, 1,000 எம்ஏஎச் பேட்டரி, ஹெட்செட் சொருகாமலே பாடும் எஃப்எம், தூசியும் தூறலும் தாங்குகிற ஐபி52 தரம். கேமரா கிடையாது. வாட்ஸ்அப் வராது. சொன்னால் நம்பாமல் "எப்படியாவது ஏத்திக் குடுங்க" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எப்படியும் ஏற்ற முடியாது.

புதிதாகச் சேர்ந்தது யுபிஐ 123பே. பட்டன் போன்காரர்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த வசதி. இன்டர்நெட் இல்லாமலே பணம் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பை 2024-இல் 10,000 ஆக்கினார்கள். கியூஆர் ஸ்கேன் செய்து பழகிய கைக்கு இது பொறுமையைச் சோதிக்கும். ஸ்மார்ட்போன் பக்கமே போக மாட்டேன் என்கிற பெரியவர்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். இதற்காகவே இந்த போனை வாங்கு என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்தது பின்மூடி. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். பேட்டரியைக் கையாலேயே எடுத்துவிட்டு வேறு போடலாம். இதில் என்ன பெருமை என்று தோன்றும். இன்றைய ஸ்மார்ட்போன் எதிலாவது பேட்டரி மாற்றிப் பாருங்கள். ஹீட் கன்னில் சூடு காட்டி, பசையைப் பிரித்து, டிஸ்பிளே ரிப்பன் அறுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. 105-இல் அந்த வேலைக்குக் கடைக்காரனே தேவையில்லை. எனக்கு நஷ்டம்தான். இருந்தாலும் நல்ல போனுக்கு அடையாளம் அதுதான் என்பேன்.

பிடிக்காதது சார்ஜ் போடும் இடம். இன்னும் பழைய மைக்ரோ யுஎஸ்பி. வீட்டில் எல்லாரும் டைப்-சிக்கு மாறிவிட்ட பிறகு இதற்கென்று ஒரு கேபிளைத் தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும். வயதானவர்கள் கண்ணாடி போடாமல் தலைகீழாக வைத்து அழுத்துவார்கள். அந்த வகை சாக்கெட் எந்த போனில் இருந்தாலும் அப்படித்தான் சேதமாகும்.

2013-இல் முதல் 105 வந்தபோது சார்ஜர் ஊசி முனை மாதிரி மெல்லிய பின். 800 எம்ஏஎச் பேட்டரிதான், ஆனால் பேசாமல் வைத்திருந்தால் 35 நாள் நிற்கும் என்று கம்பெனியே அறிவித்தது. பார்சிலோனாவில் அந்தப் பிப்ரவரியில் அறிமுகப்படுத்தும்போது சொன்ன விலை 15 யூரோ. அதே மேடையில் நோக்கியாவின் லூமியா ஸ்மார்ட்போன்களும் இருந்தன, பெரிய திரை, கலர் கலராக முதுகு. யாருக்கு 105 ஞாபகம் இருந்திருக்கும்?

இனி அந்தக் கேள்வி.

நோக்கியா பிறந்தது 1865-இல், பின்லாந்தில், மரக்கூழ் ஆலையாக. பிறகு ரப்பர் பூட்ஸ், டயர், கேபிள், டிவி என்று கையில் எடுக்காத சரக்கு இல்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு பின்லாந்தே பொருளாதாரத்தில் தள்ளாடிய நேரம், 1992-இல் யோர்மா ஒல்லிலா தலைமைக்கு வந்தார். தொலைத்தொடர்பு தவிர மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கினார். ரப்பர் போனது, கேபிள் போனது, டிவி போனது. மிச்சம் இருந்தது போனும் டவர் கருவிகளும். அந்த மிச்சம்தான் பத்து வருஷத்தில் உலகத்திலேயே பெரிய செல்போன் கம்பெனி ஆனது. ஒரு தொழிலை விற்பதே பாவம் என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்வேன். நோக்கியாவை நாம் அறிந்ததே அது தன் மற்ற தொழில்களை விற்றதால்தான். எதை விற்கிறார்கள், எந்த நேரத்தில், வேலை பார்த்தவர்களை எப்படி அனுப்புகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

2003-இல் வந்த 1100-ஐ நினைவிருக்கிறதா? கீபேட் முழுக்க ஒரே ரப்பர் தகடு, தூசி உள்ளே இறங்காது. வேர்த்த கையில் வழுக்காத ஓரங்கள். தலையில் டார்ச். நம் ஊர் மாதிரி இடங்களை மனதில் வைத்தே வரைந்த போன். 25 கோடிக்கு மேல் விற்றது. 105 அந்த வம்சம்தான். கடைக்கு இன்றும் 1100 வரும். பெரும்பாலும் ஓட்ட அல்ல, "அப்பா வச்சிருந்தது, சும்மா உயிர் வருதான்னு பாருங்க" என்று. வரும். கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டு கை குலுக்கிக்கொண்டால் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள்.

2007-இல் ஐபோன் வந்தது. உலகில் விற்ற பத்து போனில் நான்கு நோக்கியா என்றிருந்த காலம் அது, எனவே உடனே வலிக்கவில்லை. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீபன் எலோப் தலைமைக்கு வந்தார். 2011 பிப்ரவரியில், நாம் எரிகிற மேடையில் நிற்கிறோம் என்று ஊழியர்களுக்கு எழுதினார். கடிதம் வெளியே கசிந்தது. அந்த மாதமே, இனி நம் ஸ்மார்ட்போனெல்லாம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸில்தான் என்று அறிவித்தார். விற்றுக்கொண்டிருக்கிற, நோக்கியாவின் பழைய சிம்பியன் மென்பொருளில் ஓடுகிற போனை இனி யார் வாங்குவார்கள் என்று எங்களை மாதிரி கவுண்டரில் நிற்கிற எவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். 2012 ஜூனில் 10,000 வேலைகள் போகும் என்றார்கள். பின்லாந்தின் சாலோ ஊரில் இருந்த ஆலையில் அந்த வருஷமே உற்பத்தி நின்றது. டிசம்பரில் எஸ்பூ நகரத்துத் தலைமை அலுவலகத்தையே 17 கோடி யூரோவுக்கு விற்றுவிட்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு உட்கார்ந்தார்கள்.

2013 செப்டம்பர் 3-ஆம் தேதி போன் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. மொத்தம் 544 கோடி யூரோ. அதில் 379 கோடி தொழிலுக்கு, 165 கோடி காப்புரிமைகளைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்கு. சுமார் 32,000 ஊழியர்கள் புது முதலாளியிடம் போவார்கள் என்று கணக்கு. 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி கைமாறியது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை கைமாறவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். தமிழ்நாடு அரசுடன் 2005-இல் ஒப்பந்தம், 2006-இல் உற்பத்தி. சுற்றிலும் பாக்ஸ்கான், சால்காம்ப் என்று உதிரிபாகக் கம்பெனிகள். உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் எட்டாயிரம் பேர் அளவுக்கு நேரடி வேலை, அதில் பெரும்பகுதி பெண்கள். 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனைக்கு வந்தது. போனில் ஏற்றும் மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய தொகையில் வரி பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்பது வழக்கு. முதலில் கேட்டது 2,000 கோடி ரூபாய்க்கு மேல். பிறகு மாநில அரசும் ஒரு நோட்டீஸ் விட்டது. ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்ளூரில் விற்றவை என்று சொல்லி 2,400 கோடி கேட்டது. சொத்து முடக்கப்பட்டது. 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடுத்தால் ஆலையை மாற்றிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை எதிர்த்து நோக்கியா மேல்முறையீடு செய்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விற்பனைப் பட்டியலிலிருந்து ஆலை வெளியே நின்றது அப்படித்தான். நோக்கியா அதைக் கையில் வைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குச் செய்துகொடுத்தது. ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. டிசம்பரில் பக்கத்து பாக்ஸ்கானும் வேலையை நிறுத்தியது.

மூடுவதற்கு முன்பே, அந்த வருஷக் கோடையில், விருப்ப ஓய்வுத் திட்டம் வந்திருந்தது. அப்போது இருந்த சுமார் 6,600 பேரில் பெரும்பாலோர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓய்வு பெறுகிற வயதா அது? பல பேர் முப்பதைக்கூடத் தொடாதவர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, நாலைந்து பேராக ரூம் எடுத்துத் தங்கி, சம்பளத்தை ஊருக்கு அனுப்பியவர்கள். ரூம்கள் காலியானபோது வீட்டுக்கு வீடு டு-லெட் போர்டு தொங்கியது.

"வரிக்காரங்கதான் கம்பெனியத் துரத்திட்டாங்க" என்று ஒரு கட்சி. "ஓடிப்போறவனுக்கு வரி ஒரு சாக்கு" என்று இன்னொரு கட்சி. கடை வாசலில் டீயோடு பல சாயங்காலம் இது நடந்திருக்கிறது. என் கணக்கு இரண்டிலும் சேராது. வரி வழக்கு இல்லாவிட்டால் ஆலை மைக்ரோசாஃப்டிடம் போயிருக்கும், அவ்வளவுதான். போனவற்றுக்கு என்ன ஆனது? ஹங்கேரியில் கொமாரோம் ஊர் ஆலை மைக்ரோசாஃப்டிடம் ஒழுங்காகக் கைமாறிய ஆலை. ஏப்ரலில் வாங்கியதை ஜூலையில் மூடுவதாக அறிவித்தார்கள். சீனாவில் பெய்ஜிங், டோங்குவான் ஆலைகளும் அடுத்த வருஷத்துக்குள் மூடின. அந்த வேலையெல்லாம் வியட்நாம் ஆலைக்கு மாறியது. வழக்கு இல்லாமல் இருந்திருந்தால் ஸ்ரீபெரும்புதூருக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு வருஷம் கிடைத்திருக்கலாம். அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த 2014 ஜூலை அறிவிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் மொத்தம் 18,000 வேலைகளை வெட்டியது. அதில் 12,500 நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த எலோப் ஊழியர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நலம் விசாரிப்பது மாதிரி தொடங்கி, திட்டம், வியூகம், எந்த போன் எந்தச் சந்தைக்கு என்று பத்திப் பத்தியாகப் போகும். பாதி தாண்டின பிறகுதான் 12,500 என்ற எண்ணே வரும். கெட்ட செய்தி சொல்லப் போகிறவன் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். டெட் ஆன செட்டை வாங்கும்போதே "இது தேறாது" என்று சொல்லிவிடுகிற வழக்கம் எனக்கும் அதனால் வந்ததுதான்.

ஆட்களை அனுப்புவதில் நோக்கியாவுக்கே இரண்டு முகம் உண்டு. 2008 ஜனவரியில் ஜெர்மனியின் போஹும் நகரத்து ஆலையை மூடுவதாகத் திடீரென்று அறிவித்தது. 2,300 பேர். கம்பெனி லாபத்தில் இருந்த நேரம். வேலை ருமேனியாவுக்குப் போகிறது என்று தெரிந்ததும் ஜெர்மனி கொதித்தது, தெருவில் பல்லாயிரம் பேர், அரசியல்வாதிகளே நோக்கியா போனைத் தூக்கிப்போட்டார்கள். கடைசியில் ஈட்டுத்தொகைக்கு மட்டும் சுமார் 20 கோடி யூரோ, தலைக்கு 80,000 யூரோவுக்கு மேல் ஆனது. அந்த ருமேனிய ஆலையையும் 2011-இல் மூடிவிட்டார்கள் என்பது தனிக் கதை.

அந்தச் சூட்டில் கற்றுக்கொண்டு 2011-இல் பிரிட்ஜ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வேலை போகிறவர்களுக்கு உள்ளே வேறு இடம் தேடுவது, வெளியே வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுப்பது, படிக்க உதவுவது, சொந்தத் தொழில் தொடங்குகிறவருக்கு 25,000 யூரோ வரை பணம். 13 நாடுகள், சுமார் 18,000 பேர். ஆயிரம் புதுக் கம்பெனிகள் அதிலிருந்து முளைத்தன. செலவு மொத்தமே 5 கோடி யூரோ அளவுதான். போஹும் ஊரில் 2,300 பேருக்கு ஆனதில் கால்வாசி! நான் வியாபாரி, எனக்கு இந்தக் கணக்குதான் உறைக்கிறது. ஆளை மரியாதையாக அனுப்புவது மலிவாகவும் முடிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்த அளவு கிடைத்ததா என்று கேட்டால், விருப்ப ஓய்வுத் தொகைதான் பேச்சில் அடிபடும். லைனில் இருந்த ஒரு தங்கச்சி இப்போது வேறு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறாள். தன் அம்மாவுக்காக 105 வாங்க வந்தாள். நான் பெட்டியைப் பிரிப்பதற்குள் கையில் வாங்கி, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி போட்டு, ஆன் செய்து, கீபேடை வரிசையாக அழுத்தி, ஸ்பீக்கரைக் காதில் வைத்து, டார்ச்சைத் தட்டிப் பார்த்துவிட்டாள். அத்தனையும் நான் பில் புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள். "டெஸ்டிங்ல இருந்தேன்ணே, கை மறக்கல" என்றாள். பிறகு பேட்டரிக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படித்தாள். "மேட் இன் இந்தியான்னுதான் போட்டிருக்கு. நோக்கியா திரும்ப வந்துடுச்சா?"

வரவில்லை. பெயர் வந்திருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது பட்டன் போன்களில் பத்து வருஷத்துக்கு நோக்கியா பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து வந்தது. 2015 ஜூனில் வந்த இரண்டாவது 105 மைக்ரோசாஃப்டின் சரக்கு. அது வந்த அடுத்த மாதமே, போன் தொழிலில் போட்டதில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். ஏறக்குறைய வாங்கிய விலை முழுவதும். கூடவே 7,800 வேலைகள் போயின. 2016 மே மாதம் மேலும் 1,850. அதே மே மாதம் பட்டன் போன் தொழிலை, பெயர் உரிமையோடும் வியட்நாம் ஆலையோடும், 35 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கியது பாக்ஸ்கான் குழுமத்தின் எஃப்ஐஎச் மொபைலும், எஸ்பூவில் புதிதாகத் தொடங்கிய எச்எம்டி குளோபலும். எச்எம்டியை நடத்தியவர்களில் பலர் பழைய நோக்கியா ஆட்கள். 2017-இலிருந்து வந்த 105 எல்லாம் இவர்களுடையது. பெயருக்கு நோக்கியாவுக்கு ராயல்டி போகும்.

544 கோடி யூரோ கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது லூமியாவுக்காக. லூமியா இன்று என் கடையில் டப்பாவில் கிடக்கிறது, உதிரிபாகத்துக்குக்கூட யாரும் கேட்பதில்லை. அந்தப் பேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத 15 யூரோ போன் மூன்று முதலாளி மாறியும் விற்றுக்கொண்டே இருக்கிறது. அதைச் செய்த ஆலைகளில் பாதி இல்லை.

அப்படியானால் ஒரிஜினல் நோக்கியா? அது நன்றாகவே இருக்கிறது, போன்தான் செய்வதில்லை. டவர் கருவித் தொழிலில் கூட்டாளியாக இருந்த சீமென்ஸின் பங்கை 2013-இல் வாங்கி, அந்தத் தொழிலை முழுக்கத் தனதாக்கிக்கொண்டது. வரைபடத் தொழிலான ஹியரை 2015-இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் கம்பெனிகளுக்கு 280 கோடி யூரோவுக்கு விற்றது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் அல்காடெல்-லூசென்ட் என்ற தொலைத்தொடர்புக் கருவிக் கம்பெனியை வாங்கியது. எங்களுக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்தில், நோக்கியாவின் தொலைத்தொடர்புக் கருவி ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. 5ஜி கருவிகள் அங்கே செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் மூடிய ஆலைக்கு வெகுகாலம் பூட்டுதான். 2018-இல் இரு நாட்டு அரசுகளும் பேசி வருமான வரி வழக்கு முடிந்தது. 2019 நவம்பரில் ஆலையை சால்காம்ப் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஆமாம், நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த அதே சால்காம்ப்.

ஆள் குறைப்பும் நிற்கவில்லை. 2023 அக்டோபரில், அந்தக் காலாண்டு விற்பனை 20 சதவீதம் சரிந்ததாகச் சொன்ன அதே நாளில், 14,000 வேலைகள் வரை போகலாம் என்று நோக்கியா அறிவித்தது. 86,000 பேரை 2026-க்குள் 72,000-க்கும் 77,000-க்கும் இடையே கொண்டுவருவது திட்டம். 5ஜி டவர் போடுகிற கம்பெனிகள் செலவைச் சுருக்கியதுதான் காரணம் என்றார்கள். செய்தியை டிவியில் பார்த்துவிட்டு மறுநாளே ஒருவர் வந்து, "நோக்கியா மறுபடியும் மூடுறாங்களாம், என் போனுக்கு பேட்டரி கிடைக்குமா?" என்று கேட்டார். அந்த 14,000 பேருக்கும் உங்கள் கையில் உள்ள 105-க்கும் ஒரு தொடர்பும் இல்லை. டவரில் இருக்கிற நோக்கியா வேறு, சட்டைப்பையில் இருக்கிற நோக்கியா வேறு.

இப்போது விலைக்கு வருவோம். 2024 ஜூனில் எச்எம்டி தன் சொந்தப் பெயரிலேயே 105-ஐ இறக்கியது. எச்எம்டி 105, விலை 999 ரூபாய். 1,000 எம்ஏஎச் பேட்டரி, யுபிஐ, டார்ச், எஃப்எம், கூடுதலாக எம்பி3 பாட்டும் உண்டு. முந்தைய வருஷம் நோக்கியா என்று எழுதி 1,299-க்கு வந்ததோடு ஒப்பிட்டால் 300 ரூபாய் குறைவு. அந்த 300 முழுக்கப் பெயருக்கான விலை என்று நான் சொல்ல வரவில்லை, உள்ளே சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. ஆனால் கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரியவர்களின் கை நோக்கியா எழுத்துக்குத்தான் போகும். பேரனோ பேத்தியோ கூட வந்திருந்தால் எச்எம்டி விற்கும்.

நான் என்ன சொல்லி விற்கிறேன்? ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர், பேச மட்டும் வேண்டும் என்பவர் என்றால் இரண்டில் எது மலிவோ அது. தயாரிப்பாளர் ஒருவரே. ஜியோ சிம் என்றால் 4ஜி உள்ள பட்டன் போனுக்குப் போங்கள், நோக்கியா 106 4ஜி அதே 2023-இல் 2,199 ரூபாய்க்கு வந்தது. 2ஜியை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று கவலைப்படுபவர்களும் 4ஜியே எடுத்துவிடுவது நல்லது. டிஸ்பிளே உடைந்தால் மாற்றுவதா, புதிது வாங்குவதா என்று கேட்கிறீர்களா? மாற்றும் செலவு புது போன் விலையில் பாதியைத் தொட்டால் நானே மாற்ற வேண்டாம் என்பேன். பேட்டரி மட்டும் கழற்றிக் கொண்டுவந்து, அதில் உள்ள எண்ணைக் காட்டி அதே எண்ணில் வாங்குங்கள். 2007-இல் பிஎல்-5சி பேட்டரி சூடாகிறது என்று 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளுக்கு நோக்கியா எச்சரிக்கை விட்டது நினைவிருக்கும். அது ஒரு தயாரிப்பாளர் குறிப்பிட்ட மாதங்களில் செய்த சரக்கு. இன்று பயப்பட வேண்டியது காப்பி பேட்டரிக்குத்தான். ஒரு மொத்த வியாபாரி ஒரிஜினல் என்று தள்ளிவிட்ட கட்டில் பாதி, வந்த மாதத்திலேயே உப்பிப்போய் மூடியைத் தள்ளியது. அவரிடம் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

வாங்கும்போது கடையிலேயே *#06# அடித்து, திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாள எண்) பெட்டியில் உள்ளதும் பேட்டரிக்கு அடியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். 2023 மாடலுக்கு ஒரு வருஷத்துக்குள் பழுதானால் மாற்றிக்கொடுப்பதாக எச்எம்டி அறிவித்திருக்கிறது. அதற்குத் தேதி போட்ட பில் வேண்டும், எனவே கடைக்காரர் வெறும் பெட்டியைக் கையில் கொடுத்தால் நின்று கேட்டு வாங்குங்கள்.